எங்கள் மொறிஸ் மைனருக்கு நிறம் பூசிய கதை

எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் காருக்கு நானே பெயின்ற் அடித்து முடித்துவிட்டேன் என்று அறிந்ததும், கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் நண்பர்கள் கேட்ட முதலாவது கேள்வி, “கராசில் கொடுத்திருக்கலாமே, இந்த வயதில் ஏன் உனக்கு இந்த வேலை?” என்பதுதான்.

நியாயமான கேள்வி. மானிப்பாயிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கைத்திறன் மிக்க கராச்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். கலைப்பட்டம் பெற்று, வாழ்நாளின் பெரும்பகுதியைப் பத்திரிகை அலுவலகங்களில் கழித்த ஒருவன், ஐம்பது வயதைக் கடந்த பின்னர் வோட்டர் பேப்பரும் கையுமாக முற்றத்தில் குந்தியிருப்பதைக் கண்டு அயலவர்களும் சிரிக்கத்தான் செய்தார்கள். அதற்கான காரணத்தை அன்பர்களுக்குச் சற்று விரிவாகவே சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

2020 மார்ச் மாதத்தில் இலங்கை அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கான அந்தத் தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனங்களின் விலை ஏறியது. யாழ்ப்பாணத்து வீடுகளின் கொட்டில்களில் தூங்கிக்கொண்டிருந்த மொறிஸ் மைனர்களையும் ஒஸ்ரின்களையும் தேடித் தரகர்கள் படலை படலையாக ஏறி இறங்கினார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஐயா, ஓட்டையளைப் புட்டி போட்டு அடைச்சு, மேல மினுக்கமா ஒரு பெயின்ற் அடிச்சு விடுங்கோ. கொழும்பில நல்ல விலைக்குப் போகும்” என்றார்.

அவர் சொன்ன ஓட்டைகள் கதவுகளுக்குக் கீழே, இரு பக்கமும் நீளவாக்கில் பெட்டி போல ஓடும் விளிம்புகளில் இருந்தன. மொறிஸ் மைனரைப் பற்றி அறிந்தவர்களுக்கு அதன் பொருள் புரியும். 1948இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமான இந்தக் காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பழைய லொறிகளுக்கு இருப்பது போன்ற தனிச் சட்டகம் இதற்கு இல்லை, உடலே சட்டகம். அந்தப் பெட்டி விளிம்புகள் காரின் முதுகெலும்பைப் போன்றவை. அவை கறள் பிடித்து உக்கிவிட்டால், விபத்தொன்றில் உள்ளே இருப்பவரைக் காக்கும் வலு காருக்கு இராது. அந்த இடத்தில் புட்டியை அடைத்து மேலே நிறத்தைப் பூசினால் கண்ணாடி போல மின்னும். வாங்குகிறவர் தமது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கண்டி வீதியில் ஓடுவார்.

எண்பது வயதைத் தாண்டிய அம்மா திண்ணையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தரகர் போன பிறகு, “விக்கிறதெண்டாலும் விக்காட்டிலும் உள்ளதைத் திருத்திப்போட்டுப் பேசு” என்றார். அவ்வளவுதான். வெல்டிங் வேலையைத் தெரிந்தவரிடம் கொடுத்துப் புதுத் தகடு வைத்து ஒட்டுவித்தேன். பூச்சு வேலையை மட்டும் நானே செய்வதென்று தீர்மானித்தேன். எதன் மேல் எதைப் பூசுகிறோம் என்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே காரணம்.

எனக்கு வழிகாட்டியவர் எங்கள் ஊரில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தொழிலைச் செய்து ஓய்ந்த ஒரு பெரியவர். முதல் நாளே அவர் சொன்ன வாக்கியத்தை நான் குறித்து வைத்துக்கொண்டேன். “தம்பி, பெயின்ற் ஒண்டையும் மறைக்காது. கீழ கிடக்கிறதைப் பெரிசாக்கிக் காட்டும்.”

அதன் உண்மையைத் தேய்க்கத் தொடங்கியபோது உணர்ந்தேன். மொறிஸ் மைனர் 1000 என்ற வகை 1956இல் வெளிவந்தது. எங்களுடையது அதற்கு அடுத்த ஆண்டு செய்யப்பட்டது. ஆசிரியராக இருந்த அப்பா அதை அறுபதுகளில் பழையதாக வாங்கினார். பொனற்றின் ஒரு மூலையை நனைத்துத் தேய்த்தபோது, வெட்டிய மரத்தின் வளையங்களைப் போல நிறங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தெரிந்தன. மேலே இருந்தது, 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கப்பட்ட பின்னர் பெயின்ற்றும் தின்னரும் தாராளமாக வந்த காலத்துப் பூச்சு. அதன் கீழே தூரிகையின் கோடுகளோடு தடித்த பச்சை. அது யன்னல்களுக்குப் பூசும் எனமல். 1990இன் பின்னர் பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில், பெற்றோல் இல்லாமல் சில துளிகளைக் காட்டி எஞ்சினை இயக்கிவிட்டு மண்ணெண்ணெயில் கார் ஓடிய நாட்களில், கிடைத்ததைக் கொண்டு அப்பா பூசியது. பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சிட்ட காலம் அது. அதற்கும் கீழே எழுபதுகளின் ஒரு சாம்பல். அடியில் தொழிற்சாலைச் சாம்பல்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது இந்தக் காரைக் கிடுகால் மூடி விட்டுச் சென்றோம். மறு ஆண்டு திரும்பி வந்தபோது சில்லுகளும் பற்றறியும் இல்லாமல் கற்களின் மேல் நின்றது. பச்சை எனமல் மட்டும் அப்படியே இருந்தது.

அந்தப் பச்சைதான் இப்போது பெரிய தடையாக நின்றது. வீட்டுக்குப் பூசும் எனமலின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் வகைப் பூச்சை அடித்தால், அதிலுள்ள வீரியமான தின்னர் கீழுள்ள எனமலை இளக்கி, சுருக்கம் விழச்செய்து தூக்கிவிடும். தின்னரில் நனைத்த துணியை ஓரிடத்தில் சற்று நேரம் வைத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். ஆகவே அப்பாவின் பச்சையை முழுவதுமாக அகற்ற வேண்டியிருந்தது. பழைய பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் உலர்வாகத் தேய்க்கவில்லை. நனைத்துத் தேய்த்து, கழிவைக் கிணற்றடிக்குப் போகவிடாமல் சேகரித்து அகற்றினேன்.

நைட்ரோசெல்லுலோஸ் என்றேன். 1923இல் அமெரிக்காவின் டூபோன்ட் நிறுவனம் டூக்கோ என்ற பெயரில் இதை அறிமுகப்படுத்தும் வரை, கார்களுக்கு வண்டிகளுக்குப் போலத் தூரிகையால் வார்னிஷ் பூசி வாரக்கணக்கில் உலர விட்டார்கள். டூக்கோ அந்த வாரங்களை மணித்தியாலங்களாகக் குறைத்தது. இன்று கராச்களில் பெரிதும் பாவிக்கப்படுவது கடினமாக்கியைக் கலந்து அடிக்கும் இரு கலவைப் பூச்சு. அது உறுதியானது, பளபளப்பானது. ஆனால் அந்தக் கடினமாக்கியில் ஐசோசயனேட் என்ற இரசாயனம் இருக்கிறது. அதன் புகாரைச் சுவாசிப்பவர்களுக்குத் தீராத ஆஸ்துமா வரக்கூடும். வெளியிலிருந்து நல்ல காற்றைக் குழாய் மூலம் தரும் முகமூடி இல்லாமல் அதைக் கையாளக்கூடாது. மூக்கில் கட்டும் கைக்குட்டை இதற்குப் பாதுகாப்பே அல்ல. வீட்டில் செய்ய விரும்புபவர்கள் தயவுசெய்து அதைத் தவிர்த்துவிடுங்கள். நான் பழைய முறையையே தெரிந்தெடுத்தேன். அதற்கும் இரசாயன ஆவியைத் தடுக்கும் வடிகட்டி கொண்ட முகமூடி அவசியம். தீப்பற்றக்கூடியது என்பதால் அருகில் அடுப்போ பீடியோ கூடாது.

அடுத்தது காலநிலை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மழை. காற்றில் ஈரம் கூடிய நாளில் அடித்தால், பூச்சு உலரும்போது குளிர்ந்து, ஈரத்தை இழுத்து, வெள்ளையாகப் பூத்துவிடும். தையிலும் மாசியிலும் பனி. வைகாசிக்குப் பின் சோளகக் காற்று எழுந்து வலிகாமத்துச் செம்மண்ணையெல்லாம் கொண்டுவந்து ஈரப் பூச்சின் மேல் கொட்டும். ஆகவே பனி முடிந்து சோளகம் தொடங்குமுன் உள்ள பங்குனி மாதமே உகந்தது. வெயில் ஏறுமுன், காலை ஒன்பது மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில், கொட்டிலின் தரைக்குத் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு அடித்தேன்.

தண்ணீரும் ஒரு சிக்கல்தான். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டப்பட்டவை. அந்தத் தண்ணீர் உலர்ந்தால் வெள்ளைப் படிவு நிற்கும். அந்த உப்பு பூச்சின் கீழே அகப்பட்டால், பின்னர் ஈரத்தை உறிஞ்சிச் சிறு கொப்புளங்களாக எழும்பும். தேய்க்கும் வேலை முழுவதையும் கிணற்றுத் தண்ணீரில் செய்தாலும், கடைசியாகக் கழுவுவதற்கு மாரியில் பீலியால் பிடித்து வைத்த மழைத்தண்ணீரையே பாவித்தேன்.

முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, எண்ணெய்ப் பசையையும் மெழுகையும் துடைத்து எடுக்க வேண்டும். இதைத் தேய்க்குமுன்னரே செய்ய வேண்டும். இல்லாவிட்டால் தேய்ப்பு அந்தப் பசையைத் தகட்டுக்குள் ஏற்றிவிடும். பிறகு பூச்சு மீன்கண்ணைப் போல வட்டம் வட்டமாக விலகும். கறளை வெண்தகடு தெரியும் வரை எடுக்க வேண்டும். பின்னர் பிறைமர். புட்டி என்பது சிறு பள்ளங்களைச் சமன்செய்ய மட்டுமே. அதை 80 இலக்கத் தாளில் தொடங்கி 180 இலக்கத் தாளில் முடிக்கலாம்.

இங்கேதான் பெரியவர் எனக்கு ஒரு நுட்பத்தைக் காட்டினார். பிறைமரின் மேல் கறுப்பைப் புகார் போல மெல்லியதாக ஒருமுறை தூவினார். தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி, தண்ணீர் விட்டு, 400 இலக்கத்தில் தேய்க்கச் சொன்னார். மேடுகளில் கறுப்பு உடனே போய்விட்டது. பள்ளங்களில் அப்படியே நின்றது. கண்ணுக்கும் கைக்கும் தெரியாத பிழைகளெல்லாம் கறுப்புக் கறுப்பாக எழுந்து நின்றன. கறுப்பு முழுவதும் மறையும் வரை நிரப்பித் தேய்க்க வேண்டும். ஒரு கதவுக்கே இரண்டு நாட்கள் சென்றன. ஒப்புநோக்காளர் ஒருவர் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையால் குறித்துத் தருவதைப் போல இருந்தது எனக்கு.

கண்ணாடிகளையும் விளக்குகளையும் மறைக்கப் பழைய பத்திரிகைகளை ஒட்டினோம். ஒற்றைத் தாள் போதாது. தின்னர் ஊறி அச்சு மை மறுபக்கத்தில் பதியும். இரட்டையாக ஒட்ட வேண்டும். நான் எழுதிய கட்டுரை ஒன்றும் பின் கண்ணாடியில் இருந்தது. அது ஏதோ ஒன்றைக் காப்பாற்றியது என்ற திருப்தி எனக்கு.

நிறம் அடிக்குமுன் 600, பின் 800. ஸ்பிறே கன்னைத் தகட்டிலிருந்து ஒரு சாண் அளவுக்குச் சற்றுக் குறைவாகப் பிடித்து, கையை வளைக்காமல் நேர்கோட்டில் நடத்த வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முன்னைய வீச்சின் பாதியை மூட வேண்டும். ஓரிடத்தில் கை தயங்கினால் வழிந்துவிடும். தூரத்தில் பிடித்தாலோ தின்னர் குறைந்தாலோ மேற்பரப்பு சொரசொரப்பாகும். ஆங்கிலத்தில் அதற்குத் தோடம்பழத்தைக் கொண்டுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலம் அறியாத எங்கள் பெரியவரும் அதைத் ‘தோடந்தோல்’ என்றே சொன்னார். 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மேலைத்தேச மருத்துவத்தையே தமிழில் கற்பித்து நூல்களையும் ஆக்கிய ஊர் மானிப்பாய். கராச்சிலும் தமிழ்ச் சொல் பிறப்பதில் வியப்பில்லை.

ஐந்து தடவை மெல்லிய பூச்சு. ஒவ்வொன்றுக்கும் இடையில் கால் மணித்தியாலம். இரண்டு வாரங்கள் தொடாமல் விட்டபின், 1200, 2000 இலக்கத் தாள்களால் சவர்க்காரத் தண்ணீரில் தேய்த்து, கட்டிங் பசையைத் துணியில் எடுத்து மினுக்கினோம். அடித்த நிறம் அதே தொழிற்சாலைச் சாம்பல்தான். பதிவுப் புத்தகத்தில் உள்ள நிறம் அது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும்.

கடைசியாக இலக்கத் தகட்டைக் கறுப்பாக்கி எழுத்துகளை வெள்ளையால் எழுதினேன். எங்களுடையது ஆங்கில எழுத்து. அதற்குச் சற்றுப் பின் வந்த கார்களில் சிங்கள ஸ்ரீ ஏறியது. 1958இல் வடக்கில் அதை அழித்துத் தமிழில் ஸ்ரீ எழுதினார்கள். தெற்கில் தமிழ் எழுத்துகளின் மேல் தார் பூசினார்கள். அந்த ஆண்டு மே மாதத்தில் நாடு எரிந்ததை வரலாறு சொல்லும். தூரிகையால் எதையும் இல்லாமல் ஆக்கிவிடலாம் என்று நம்பியவர்கள் இரு பக்கமும் இருந்தார்கள்.

இறக்குமதி மீண்டும் தொடங்கிய பின் தரகரின் அழைப்புகள் குறைந்துவிட்டன. காரை விற்கவில்லை. தங்கையின் மகன் அதில்தான் இப்போது ஓடப் பழகுகிறான். வெயிலில் சரிவாகப் பார்த்தால் இடது மட்கார்ட்டில் இலேசான தோடந்தோல் தெரியும். கதவுகளுக்குக் கீழே, யாரும் குனிந்து பார்க்காத இடத்தில், புதுத் தகடு இருக்கிறது. அவன் படலையால் வெளியேறி மானிப்பாய் வீதியில் ஏறும்போது அம்மா நிம்மதியாகத் திண்ணையில் இருக்கிறார். அதுவே எனக்குப் போதுமான மினுக்கம்.