வெயிலில் ஓடும் பிள்ளைகள்



பரீட்சைகள் முடிந்து விடுமுறை தொடங்கியவுடன் நம்முடைய வீடுகளில் எழும்புகிற முதற்கேள்வி, பிள்ளையை எந்தப் பயிற்சி முகாமில் சேர்ப்பது என்பதே. ஆலை வேலையை நம்பி அகமதாபாத்துக்கு வந்த நம் சபையின் மூத்தோருக்கு இப்படிப்பட்ட கேள்வி இருந்ததில்லை. இன்றோ கிரிக்கெட், கால்பந்து, தடகளம் என்று முகாம்கள் பெருகியிருக்கின்றன. 2030ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டுகள் இந்த நகரத்துக்கே என்று 2025 நவம்பரில் உறுதியான பிறகு, தகப்பன்மாருடைய ஆசை இன்னும் ஒரு படி ஏறியிருக்கிறது. அந்த ஆசையைக் குறைசொல்ல எனக்கு மனதில்லை. கைபேசியோடு மூலையில் உட்கார்ந்திருப்பதைக் காட்டிலும் மைதானத்துப் புழுதியோடு வீடு திரும்புவது பிள்ளைக்கு நல்லது. ஆனால் நம் விடுமுறையும் இவ்வூரின் கொடிய வெயிலும் ஒரே மாதத்தில் வருகின்றன.

2010 மே மாதத்தில் இங்கே வெப்பம் 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்த ஒரு மாதத்தில் மட்டும் வழக்கத்தைவிட 1,344 பேர் அதிகமாக மரித்தார்கள் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டார்கள். அதன் பின்பே, 2013இல் மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. தெற்காசிய நகரங்களில் அதுவே முதலாவது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கைகள் அறிவிக்கப்படுகின்றன. 45 டிகிரியை எட்டினால் சிவப்பு. ஆனால் மைதானத்தில் விசில் ஊதுகிறவருடைய செவிக்கு இந்த எச்சரிக்கை எப்போதும் எட்டுவதில்லை.

கடந்த ஆண்டு மே மாதத்தில் நம் சபைக் குடும்பம் ஒன்றின் மகன், 15 வயதுப் பையன், கால்பந்துப் பயிற்சியில் விழுந்தான். மாலை நான்கு மணிப் பயிற்சிக்குப் பத்து நிமிடம் தாமதித்து வந்ததற்காக அவனையும் வேறு இருவரையும் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லியிருந்தார்கள். எட்டாவது சுற்றில் கால்கள் பின்னின. உடனிருந்த பையன்களைப் பெயர் மாற்றி அழைத்தான். "நடிக்கிறான், ஓடட்டும்" என்றாராம் பயிற்சியாளர். அவன் விழுந்தபோது, செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த காவலாளி ஒருவர், யாரையும் கேட்காமல் ரப்பர் குழாயை இழுத்துவந்து தலைமுதல் கால்வரை நனைத்தார். 108 வண்டி வந்துசேரும் வரை அவர் குழாயைக் கீழே வைக்கவில்லை. மூன்று நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து பிள்ளை பிழைத்தான். ஜெபிக்கச் சென்ற என்னிடம் மருத்துவர், "அந்தக் காவலாளி செய்ததைத்தான் நாங்களும் செய்திருப்போம். அவர் அரைமணி நேரம் முந்திக்கொண்டார்" என்றார்.

அந்த மருத்துவர் விளக்கியதையும், பின்பு நான் வாசித்து அறிந்ததையும் உங்களுக்குச் சொல்லவேண்டும். ஓடுகிறவனுடைய தசைகள் அடுப்பைப்போல் வெப்பத்தை உண்டாக்குகின்றன. வியர்வை ஆவியாகும்போதுதான் அது வெளியேறுகிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை வழியுமேயன்றி ஆவியாகாது. ஆகவே மே மாதத்து வறண்ட அனல் மட்டுமல்ல, மழைக்கு முந்திய ஜூன் மாதப் புழுக்கமும் ஆபத்தானதே. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி மூளையும் தடுமாறத் தொடங்கினால், அதுவே ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பவாதம். அப்போது தோல் உலர்ந்திருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது பெரும்பாலும் வீட்டுக்குள் வெப்பத்தால் வாடும் முதியோரிடம் காணப்படுவது. ஓடி விழுந்த பிள்ளையோ வியர்வையில் நனைந்தபடியே மரணத்தருவாயில் இருக்கக்கூடும். நெற்றியைத் தொட்டுப் பார்த்து ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. இந்த நோய் முதலாவது தாக்குவது நிதானிக்கும் அறிவை. தனக்கு என்ன நேரிடுகிறது என்று அறியவேண்டியவனே அதை அறியாதவனாகிறான். 'முடியாவிட்டால் சொல்லியிருக்கலாமே' என்று பிற்பாடு பிள்ளையைக் கேட்பதில் நியாயம் இல்லை. நிறுத்தச் சொல்லவேண்டியவர் கரையில் நிழலில் நிற்கிறவர்.

அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஜோர்டன் மெக்நேர் என்னும் 19 வயது வாலிபன் இருந்தான். அந்நாட்டுக் கால்பந்து அணியில் விளையாடியவன். 2018 மே 29 அன்று 110 கஜ ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓடும் பயிற்சியில் தளர்ந்துபோனான். அடையாளங்கள் தோன்றி ஒரு மணி நேரத்துக்கும் மேலான பின்பே அவசர உதவிக்கு அழைப்புச் சென்றது. குளிர்நீரில் அமிழ்த்தும் சிகிச்சையும் அங்கே அளிக்கப்படவில்லை. ஜூன் 13 அன்று அவன் மரித்தான். சட்டப்படியும் நெறிப்படியும் பொறுப்பு தங்களுடையதே என்று பல்கலைக்கழகத் தலைவர் ஆகஸ்டில் ஒப்புக்கொண்டார். தலைமைப் பயிற்சியாளர் அக்டோபர் இறுதியில் நீக்கப்பட்டார். 2021இல் அந்த மாநிலம் அவன் பெயராலேயே ஒரு சட்டத்தை இயற்றியது. பணமும் மருத்துவ வசதியும் நிறைந்த இடத்திலேயே இப்படி என்றால், ஒரு முதலுதவிப் பெட்டிகூட இல்லாத நம் முகாம்களைக் குறித்து என்ன சொல்வது!

அதே நாட்டில் ஃபால்மவுத் என்னும் கடலோர ஊரில் ஆகஸ்டு மாதந்தோறும் 7 மைல் ஓட்டம் நடைபெறுகிறது. அதன் 18 ஆண்டுகால மருத்துவக் குறிப்புகளில் 274 பேர் வெப்பவாதத்தால் தாக்குண்டதாகக் காண்கிறோம். அவர்களில் ஒருவரும் மரிக்கவில்லை. இறுதிக்கோட்டின் அருகே பனிக்கட்டி கலந்த நீர்த்தொட்டிகள் ஆயத்தமாயிருந்தன. முதலாவது குளிர்விப்பது, பின்பே வண்டியில் ஏற்றுவது என்பதே அவர்களுடைய முறை. நாமோ விழுந்த பிள்ளையை ஆட்டோவில் திணித்து, நெரிசலில் முக்கால் மணி நேரம் கொண்டுபோகிறோம்.

சூனேமியாளின் மகனுடைய சரித்திரத்தை 2 இராஜாக்கள் நான்காம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பிரசங்கிக்கும்போது நாம் எலிசா வருகிற இடத்துக்கு விரைந்துவிடுகிறோம். எனக்கோ அந்த வயலில் சற்று நிற்கவேண்டும் என்று தோன்றுகிறது. அறுப்புக்காலம், பிள்ளை தலை நோவதாக முறையிடுகிறான், உச்சிவேளையில் தாயின் மடியில் மரிக்கிறான். வெயிலே காரணம் என்று விளக்கம் எழுதியவர்கள் உண்டு. தகப்பன் கொடியவன் அல்ல. ஒரு வேலைக்காரனை அழைத்துத் தாயிடம் அனுப்பினான், அறுப்பில் இருந்துவிட்டான். ஆதியாகமம் 33இல் யாக்கோபோ வேறு விதமாய் நடக்கிறான். பிள்ளைகள் இளையவர்கள், மந்தையை ஒரு நாள் ஓட்டினாலும் மாண்டுபோகும் என்று ஏசாவிடம் சொல்லி, பின்தங்கி மெதுவாய் வருகிறான். பயிற்சியாளருடைய வேலைக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் வேதாகமக் கல்லூரியிலும் கேட்டதில்லை.

பையன் வீடு திரும்பிய பின்பு அவன் தகப்பனாரோடு நான் அந்த முகாமுக்குப் போனேன். "ஐயா, புகார் ஒன்றும் வேண்டாம். தேர்விலே இவன் பெயரை எடுத்துவிடுவார்கள்" என்று தாயார் வழியனுப்பும்போது கலங்கினார்கள். இந்த அச்சம்தான் எங்கும் ஆளுகிறது. பயிற்சியாளர் இளைஞர், கடின உழைப்பாளி. "நாங்களும் இப்படித்தான் வளர்ந்தோம்" என்றார். பயிற்சியைக் காலை ஆறு மணிக்கு மாற்றச் சம்மதித்தார். தண்டனைச் சுற்றுகளை நிறுத்த மட்டும் இணங்கவில்லை. கண்டிப்பு இல்லாமல் வீரன் உருவாகான் என்பது அவருடைய வாதம். நம் வீடுகளிலும் இது செல்லும் வாதம்தான். தாமதித்தவனை அன்றைய விளையாட்டில் சேர்க்காமல் உட்காரவைப்பதும் கண்டிப்பே. தண்ணீரை மறுப்பதும் அனலில் ஓடவிடுவதும் கண்டிப்பு அல்ல. பையனை வேறு முகாமில் சேர்த்துவிட்டார்கள்.

சேர்ப்பதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். தண்ணீர் பையன்களுக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா, அனுமதி கேட்டுத்தான் குடிக்கவேண்டுமா? புதிதாய் வருகிறவனை முதல் நாளே முழுவேகத்தில் ஓடவிடுகிறார்களா? உடல் வெயிலுக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் வேண்டும். ஒருவன் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். 'ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம்' என்பது மட்டுமே பதிலானால், தண்ணீரையும் பனிக்கட்டியையும் பற்றி அவரோடு பேசுங்கள். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்ட பிள்ளையை அனுப்பாதிருங்கள். நம் வாலிபரில் சிலர் தண்ணீரும் அருந்தாமல் உபவாசித்துவிட்டு மாலையில் பந்து விளையாடப் போகிறார்கள். அந்த நாளில் விளையாட்டு வேண்டாம்.

இந்த ஆண்டு சபை வாலிபர் முகாமின் விளையாட்டுகளைக் காலை ஆறு முதல் எட்டு மணிக்குள் முடித்தோம். வேப்பமரத்தடியில் ஒரு பெரிய தார்ப்பாயும், நான்கு குடம் தண்ணீரும், தெர்மாகோல் பெட்டி நிறைய பனிக்கட்டியும் வைத்திருந்தோம். விழுந்தவனைத் தார்ப்பாயில் கிடத்தி, ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, தண்ணீரும் பனிக்கட்டியும் கொட்டி அசைத்தால் அதுவே தொட்டியாகிவிடும். ஆறு வாலிபரை நிறுத்தி அதை ஒத்திகை பார்த்தோம். எவருக்கும் அது தேவைப்படவில்லை. எட்டரை மணிக்கு ஞாயிறுபள்ளிப் பிள்ளைகள் பெட்டியைத் திறந்து, மிச்சமிருந்த பனிக்கட்டியை ஒருவர் முதுகில் ஒருவர் போட்டுக் கூச்சலிட்டார்கள்.