அணைக்கும் ஒரு டைம்டேபிள்

சிவில் படிக்கிற எனக்கு அணை என்றால் கான்கிரீட், டர்பைன், மெகாவாட், அவ்வளவுதான். செமினாருக்காகப் படித்தபோதுதான் அந்தக் கணக்கில் மீன் முட்டையும் உண்டு என்று தெரிந்தது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கொலம்பியா ஆறு. அதில் பிரீஸ்ட் ராப்பிட்ஸ் அணைக்குக் கீழே சுமார் 80 கி.மீ. தூரம் ஆறு தடையில்லாமல் ஓடுகிறது. ஹான்ஃபோர்ட் ரீச் என்று பெயர். சினூக் சால்மன் கடலிலிருந்து வந்து அக்டோபர், நவம்பரில் இங்கே முட்டையிடும். பெண் மீன் வாலாலேயே கூழாங்கற்களில் குழி பறித்து, முட்டையிட்டு மூடிவிடும். கல் இடுக்கில் தண்ணீர் ஓடினால்தான் முட்டைக்கு மூச்சு.

சிக்கல் இங்கேதான். மின்சாரத் தேவை பகலில் அதிகம். அதற்காகத் தண்ணீரை நிறையத் திறந்தால் ஆறு மேடேறும். இந்த மீனும் பெரும்பாலும் பகலில்தான் முட்டையிடும், அதுவும் அந்த மேட்டில். பிறகு தண்ணீரைக் குறைத்தால்? முட்டையெல்லாம் காய்ந்து போகும்...

1988-ல் வெர்னிடா பார் ஒப்பந்தம் வந்தது. முட்டையிடும் வாரங்களில் பகலில் தண்ணீரைக் குறைத்து, இரவில் கூட்டி விடுகிறார்கள். மீன் பள்ளத்திலேயே குழி பறிக்கும். வசந்தத்தில் குஞ்சுகள் வெளிவரும்வரை குழிகள் மூழ்கியிருக்கிற அளவுக்குத் தண்ணீர் விட வேண்டும். 2004-ல் வந்த அடுத்த ஒப்பந்தம், குஞ்சுகள் கரையோரக் குட்டைகளில் சிக்காதபடி நீர்மட்ட ஏற்ற இறக்கத்துக்கும் வரம்பு வைத்தது.

விலை கூடிய பகல் மின்சாரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். அணையை இடிக்கவில்லை, நேரத்தை மாற்றினார்கள்.

நாளைக்கு அணை கட்டப்போகிற கிளாஸ் மக்களே, 'எவ்வளவு தண்ணீர்' என்பதோடு 'எந்த நேரத்தில்' என்றும் கேளுங்கள். கீழே யாரோ குடியிருக்கிறார்கள்.