சுவரோரத்துக் காகிதப்பூ

எங்கள் கோயிலின் சுற்றுச்சுவரை இடித்துக் கட்டுவதென்று 2018-ஆம் ஆண்டில் முடிவாயிற்று. வாயிலருகே நின்ற காகிதப்பூச் செடியையும் வெட்டிவிடுவதே முறை என்றார்கள். எனக்கு முன்பிருந்த குருக்களுள் யாரோ நட்டுவைத்தது. அடிமரம் என் தொடையளவு பருத்து, ஒரு புறம் பட்டை உரிந்து, கட்டை காய்ந்து நின்றது. அந்தக் காய்ந்த பக்கத்தைக் கண்டதும் இதைத் தொட்டியில் வைத்துப் போன்சாய் எனும் குறுமரமாக வளர்க்கலாமே என்ற ஆசை எழுந்தது.

கிளைகளையெல்லாம் அரையடி நீளத்திற்குக் குறைத்து, சுற்றிலும் பள்ளம் பறித்து, வேரை அறுத்து எடுத்தோம். கோயில்பிள்ளையும் நானும் ஒரு பகல் முழுதும் பாடுபட்டோம். முள் கீறாத விரல் எங்களிடம் இல்லை. பருமணலும் செங்கல் துண்டும் கலந்த தொட்டியில் நட்டு நிழலில் வைத்தோம். சில வாரங்களில் தளிர் வந்தது. அதைக் கண்டு வேர் பிடித்துவிட்டதென எண்ணலாகாது. கட்டையில் தேங்கிய சாறே முதல் தளிரை ஈன்றுவிடும். ஆகவே மழைக்காலம் வரை தொட்டியை அசைக்கவில்லை.

அதுவரை சரியாகவே செய்தேன். பிழை அதன் பின்னரே நேர்ந்தது.

ஜப்பானியர் பட்டுப்போன கிளையை ‘ஜின்’ என்றும், அடிமரத்தில் பட்டை நீங்கி வெளுத்த பகுதியை ‘ஷாரி’ என்றும் அழைப்பர். சுண்ணாம்பும் கந்தகமும் சேர்த்துக் காய்ச்சிய கரைசலை அதன்மீது பூசுவர். பூசும்போது மஞ்சளாக இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் வீசும். உலர்ந்தால் எலும்புபோல் வெளுக்கும். நானும் அவ்வாறே பூசி, வருவோர் போவோருக்கெல்லாம் பெருமையுடன் காட்டினேன். அவர்கள் பெரிதும் கையாளும் ஜூனிப்பர் மரமோ பிசினேறிய வைரக்கட்டை. பட்ட பின்னும் நெடுங்காலம் நிற்கும். காகிதப்பூவின் கட்டை பஞ்சுபோன்றது, நீரை உறிஞ்சுவது. இந்த வேறுபாட்டை நான் சிந்திக்கவே இல்லை.

இரண்டு மழைக்காலம் கழிந்தது. 2020 சனவரியில் ஒரு காலை, “சாமி, இங்கே தொட்டுப் பாருங்க” என்றார் கோயில்பிள்ளை. வெளியே வெண்மை மாறவில்லை. மண்ணையொட்டிய இடத்தில் விரலை வைத்தேன். ரொட்டிபோல் உள்ளே போயிற்று.

மூன்று நாட்கள் சிற்றுளியால் சுரண்டினேன். மக்கியது தீர்ந்து கெட்டிக்கட்டை தென்படும் வரை விடக்கூடாது. முடிவில் அடிமரமே குடைவாயிற்று. மறுபுறம் மூன்று விரல் அகலப் பட்டைதான் மேலுள்ள கிளைகளுக்கெல்லாம் ஊட்டம் கொண்டு செல்கிறது. குடைவில் மழைநீர் தேங்காதபடி அடியில் ஒரு வழி விட்டேன். உள்ளே நன்கு உலர்ந்த பிறகே கரைசல் பூசினேன். பட்ட பகுதியில் மண் படாதபடி செடியைச் சற்றே உயர்த்தி வைத்தேன்.

இப்போதெல்லாம் ஐப்பசி பிறந்ததும் தொட்டியைத் தாழ்வாரத்திற்கு ஏற்றிவிடுகிறோம். கோயில்பிள்ளை மண்ணில் மட்டுமே நீர் ஊற்றுகிறார். கட்டைமீது ஒரு துளி தெறித்தாலும் தம் தோள் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, நான் பார்க்கிறேனா என்று திரும்பிப் பார்க்கிறார்.