'வரல்ல' எந்த டென்ஸ்?

ரியூசன் கொட்டில்ல டென்ஸ் படிச்ச எல்லாருக்கும் அந்த அட்டவணை ஞாபகம் இருக்கும். மூன்று காலம், ஒவ்வொன்றுக்கும் நான்கு வடிவம், மொத்தம் 12 கட்டம். 'ஐ ஈட், ஐ ஆம் ஈட்டிங், ஐ ஹேவ் ஈட்டன், ஐ ஹேவ் பீன் ஈட்டிங்.' ஓ.எல். முடியும்வரை சாப்பிட்டுக்கொண்டே இருந்தம். எந்தக் கட்டத்தை எப்ப எடுக்கிறது என்றுதான் விளங்கல்ல.

இப்ப பின்னேரங்களில் ஊர்ப் பிள்ளைகள் சிலருக்கு நான் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறன். அட்டவணையைப் பாடமாக்க விடுறதில்ல. கல்லடிப் பாலத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போவன். வாவியில நடக்கிறதை முதல்ல நம்மட பேச்சிலதான் சொல்லணும். "வலை வீசுறார்." "வீசிட்டார்." "அங்கால ஒரு தோணி வந்துகொண்டிருக்கு." காலம் மூன்று என்று இலக்கணம் சொன்னாலும், நம்மட வாயில அதைவிட நுணுக்கம் இருக்கு. 'வந்தான்' வேற, 'வந்திரிக்கான்' வேற. 'வந்திரிக்கான்' என்றால் ஆள் இப்பவும் இங்கதான். பிரெசன்ட் பெர்பெக்ட் என்பது கிட்டத்தட்ட இதுதான்: விசயம் நடந்து முடிஞ்சிட்டு, அதின்ட பலன் இன்னும் நிக்குது.

கிட்டத்தட்டதான். முழுசா ஒத்துப்போகாது. விடிய எழும்பி ஈர முத்தத்தைப் பார்த்திட்டு "ராத்திரி மழை பெய்திருக்கு" என்போம். இங்கிலீஷில 'லாஸ்ட் நைட்' என்று முடிஞ்ச நேரத்தைச் சொல்லிட்டால் 'ஹேஸ் ரெயின்ட்' வராது. 'இட் ரெயின்ட்' என்றுதான் சொல்லணும். அதேபோல "ரெண்டு மணித்தியாலமா நிக்கிறன்" என்று சொல்ல நமக்கு நிகழ்காலம் போதும். அவங்களுக்குப் போதாது. 'ஐ ஹேவ் பீன் ஸ்டாண்டிங்' என்று, தொடங்கின நேரத்தையும் இந்த நிமிசத்தையும் ஒரே கயிற்றில கட்டணும். பிள்ளைகளுக்கு நான் குடுக்கிற உதாரணம் மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1814இல் தொடங்கினது: 'இட் பிகேன் இன் 1814'. இன்னும் நடக்குது: 'இட் ஹேஸ் பீன் ரன்னிங் சின்ஸ் 1814'. வருசம் ஒன்று, வசனம் ரெண்டு. முதல் வசனத்தில கதை முடிஞ்சிட்டு, ரெண்டாவதில இன்னும் மணி அடிக்குது.

இதெல்லாம் பழகினால் வந்திடும். எனக்கு இப்பவும் கஷ்டமாக இருக்கிறது 'வரல்ல' என்ற சின்னச் சொல்லுதான்.

நம்மட 'இல்லை'க்குக் காலம் கிடையாது. "நேத்து வரல்ல", "இன்னும் வரல்ல" ரெண்டுக்கும் அதே 'வரல்ல'. இங்கிலீஷ் அப்படி விடாது. 'டிட் நொட் கம்' என்றால் அந்தக் கதை அங்க முடிஞ்சிட்டு. 'ஹேஸ் நொட் கம்' என்றால் கதவு இன்னும் திறந்திருக்கு. ஏதாவது ஒன்றைத் தெரிவு செய்தே ஆகணும்.

மட்டக்களப்பில இது வெறும் பரீட்சைக் கேள்வி இல்ல. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில அகதிகளாகத் தஞ்சம் புகுந்திருந்த சனங்களில் 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. அவங்க திரும்பி வரவில்லை. இந்த ரெண்டு வசனத்தையும் இங்கிலீஷில எழுதிப் பாருங்க. முதல்ல தஞ்சம், மறுகா கொண்டுபோனது. ஆகவே 'புகுந்திருந்த' என்பதற்குப் பாஸ்ட் பெர்பெக்ட். அது லேசு. 'வரவில்லை'க்கு வந்ததும் பேனை நிக்கும்.

எனக்கும் ஒருதரம் நின்றது. எங்கட தெருவில ஒரு பெரியம்மா இருக்கா. அவட மகன் அதே 1990இல் கடைக்கு என்று வெளிக்கிட்டவர். அப்ப வயது 19. வெளிநாட்டு அமைப்பு ஒன்றுக்கு இங்கிலீஷில கடிதம் எழுதித் தரச்சொல்லி என்னட்ட வந்தா. அவ சொல்லச் சொல்ல எழுதினன்.

"அவன் நல்லாப் படம் கீறுவான் மனே. கணவாய்க் கறி என்றால் உசிர்."

கீறுவான். 'ஹி யூஸ்ட் டு ட்ரோ' என்று எழுதலாம். இலக்கணம் ஒன்றும் சொல்லாது. ஆனா அது பெரியம்மா சொன்ன வசனம் இல்ல. 'ஹி ட்ரோஸ் வெல்' என்று எழுதினன். 'ஹி ஹேஸ் நொட் கம் ஹோம் சின்ஸ் 1990.' வாசிச்சு, தமிழில விளக்கமும் சொன்னன். "இன்னும் வரல்ல என்றுதானே இருக்கு?" என்று ரெண்டுதரம் கேட்டா. ஓம் என்றன். கையெழுத்து வச்சா.

சட்டத்துக்கும் இந்தச் சிக்கல் இருந்திருக்கு. காணாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க 2010இல் ஒரு சட்டம் வழி செய்தது. கன தாய்மார் அதை வாங்கமாட்டம் என்றாங்க. 2016இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஆளைக் காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லுற இன்னொரு சான்றிதழைக் கொண்டுவந்தாங்க. முதல் கடதாசி பாஸ்ட் டென்ஸ். ரெண்டாவது பிரெசன்ட் பெர்பெக்ட். பெரியம்மா ரெண்டையும் எடுக்கல்ல, அது வேற கதை.

டென்ஸ் பழகுற தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்றன். புத்தகத்தில இருக்கிற 'ஜோன்' மாம்பழம் சாப்பிட்டானா இல்லையா என்று எழுதி நேரத்தை வீணாக்காதீங்க. உங்கட வீட்டில எது முடிஞ்சிட்டு, எது இன்னும் முடியல்ல என்று யோசிச்சு, 'சின்ஸ்' போட்டு அஞ்சு வசனம் எழுதுங்க. அம்மாட்டக் கேட்டு எழுதினால் இன்னும் நல்லம். எந்தக் கட்டம் என்று அவ சொல்ற விதத்திலேயே தெரிஞ்சிடும்.