குறிப்பறியாதார்

திருக்குறளில் இருமுறை வரும் ஒரே அதிகாரத் தலைப்பு 'குறிப்பறிதல்'. பொருட்பாலில் 71ஆவது அதிகாரமாகவும் இன்பத்துப்பாலில் 110ஆவது அதிகாரமாகவும் அது அமைந்திருக்கிறது. அரசவைக்கும் காதலுக்கும் ஒருசேர வேண்டிய கல்வி என்று வள்ளுவர் கருதினார் போலும். இருபது ஆண்டுகளாக இதை வகுப்பில் விளக்கி வருகிறோம். இருவரும் தமிழாசிரியர்கள், ஒரே வீட்டில் இருந்து ஒரே வண்டியில் கல்லூரிக்குப் போகிறவர்கள். உள்ளுறையும் இறைச்சியும் எங்கள் அன்றாடப் பிழைப்பு. அப்படிப்பட்ட நாங்கள் ஒரு சிறு விளக்கின் குறிப்பை ஐந்து மாதங்கள் தவறாகவே படித்துக்கொண்டிருந்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2024இல் ஒரு பழைய காரை வாங்கினோம். முன்னாள் உரிமையாளர் அதிக வசதிகள் கொண்ட மாதிரியாகப் பார்த்து வாங்கியிருந்தார். கையேட்டை மட்டும் தொலைத்துவிட்டிருந்தார். வண்டியைக் கிளப்பியதும் இரு பக்கக் கண்ணாடிகளின் ஓரத்திலும் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு உருவம் ஒளிர்ந்து, இரண்டொரு நொடியில் அணைந்துவிடும். எங்களை வரவேற்கிறது என்று எண்ணிக்கொண்டோம். ஓட்டும்போதும் அது அவ்வப்போது எரியும், அணையும். இண்டிகேட்டர் போட்டால் சில வேளைகளில் படபடவென்று துடிக்கும். 'நீ போட்ட சைகை வேலை செய்கிறது' என்று வண்டி நமக்கு உறுதி சொல்கிறது என்பதே நாங்கள் எழுதிய உரை. எல்லா வேளைகளிலும் அது ஏன் துடிப்பதில்லை என்று ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை. பாடத்துக்குப் பொருந்தாத அடியை இடைச்செருகல் என்று ஒதுக்கும் பழக்கம் எங்கள் துறையில் சிலருக்கு உண்டு; அதுவே எங்களையும் பிடித்திருந்தது.

கோவையில் இருந்து பொள்ளாச்சி செல்லும் நான்குவழிச் சாலையில், கிணத்துக்கடவுக்குச் சற்று முன்னால் ஒரு தேநீர்க்கடை. அங்கே நிறுத்துவதற்காக வேகத்தைக் குறைத்து, இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டோம். இடக்கண்ணாடியில் விளக்குத் துடித்தது. பார்த்தோம், மனநிறைவோடு திருப்பினோம். ஓட்டியவர் யார் என்பதை இங்கே எழுதுவதற்கில்லை. வீட்டில் அது இன்னும் தீர்ப்பாகாத வழக்கு.

மொபெட் ஒன்றின் ஹாரன் ஒலி காதருகில் கேட்டது. தொடர்ந்து தகரம் சரியும் சத்தம். மண்ணில் இறங்கிச் சாய்ந்து கிடந்த வண்டியின் அருகே அறுபதைத் தாண்டிய விவசாயி ஒருவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார். பால்கேன் மூடி கழன்று, அவ்வளவு பாலும் மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு முழம் திருப்பியிருந்தால் அவருடைய கால் எங்கள் சக்கரத்தின் கீழ் இருந்திருக்கும்.

அவர் திட்டவில்லை. கொங்குநாட்டு மரியாதை குறையாமல் கேட்டார்: "ஏனுங்க, ரெண்டு பேரு உக்காந்திருக்கறீங்க. ஒருத்தராச்சும் கண்ணாடியப் பாக்கக் கூடாதுங்களா?"

"பார்த்தோமுங்க" என்றோம். அது உண்மை. அந்த உண்மையைப் போல வெட்கப்படுத்தும் பொய்யை நாங்கள் இதுவரை சொன்னதில்லை.

மருந்துக் கட்டுக்கும் பாலுக்குமாகக் கொடுத்த பணத்தில், பாலுக்கு உரியதை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் தெரிந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவர் சிரிக்கவில்லை என்பதை நன்றியோடு நினைக்கிறோம். கண்ணாடியில் இரண்டு விளக்குகள் இருக்கின்றன என்று காட்டினார். கூட்டின் வெளிப்புறத்தில் இருப்பது இண்டிகேட்டரின் துணைவிளக்கு. எதிரே வருபவருக்கும் பக்கத்தில் வருபவருக்கும் நாம் திரும்பப்போவதைச் சொல்வது அதன் வேலை. ஓட்டுநருக்கு அது பெரும்பாலும் தெரிவதே இல்லை. 1998இல் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்-கிளாஸ் காரில் கண்ணாடிக்கு ஏறிய இந்த விளக்கு இன்று சிறு கார்கள் வரை வந்துவிட்டது. கண்ணாடிச் சில்லுக்குள் ஒளிரும் உருவம் வேறு. அது ஓட்டுநருக்கு மட்டுமே சொல்லப்படுவது: உன் கண்ணுக்கு எட்டாத மூலையில் ஒருவர் இருக்கிறார். சும்மா இருந்தால் நிலையாக எரியும். அவர் இருக்கும் பக்கமாகத் திரும்ப இண்டிகேட்டர் போட்டுவிட்டால் துடிக்கும், திரும்பாதே என்று. ஒன்று புறம், மற்றொன்று அகம். திணைமயக்கம் எங்களுடையது.

பின்புற பம்பரின் இரு மூலைகளிலும் மறைந்திருக்கும் ராடார்கள்தான் அந்த மூலையை நோக்குகின்றன. வால்வோ நிறுவனம் 2000களின் நடுவில் இத்தகைய ஏற்பாட்டைக் கொண்டுவந்தபோது கண்ணாடிக்கு அடியில் பொருத்திய சிறு காமிராக்கள் அதைச் செய்தன. கிளப்பியதும் ஒளிர்ந்து அணைவது வரவேற்பு அன்று. விளக்குகள் பழுதின்றி இருக்கின்றனவா என்னும் தற்சோதனை. எலெக்ட்ரீஷியன் தம் உதவியாளரான பையனைப் பைக்கில் பின்தொடரச் சொல்லிவிட்டு எங்களைப் புறவழிச்சாலைக்கு அழைத்துச் சென்றார். பையன் பின்னிருந்து நெருங்கி, உட்கண்ணாடியில் மறைந்த சிறிது நேரத்தில் விளக்கு எரிந்தது. இண்டிகேட்டர் போடச் சொன்னார். துடித்தது. எங்களுக்கு வயிற்றைப் பிசைந்தது.

இன்னொன்றும் சொன்னார். விளக்கு எரியாமை ஆளின்மைக்குச் சான்றாகாது. பம்பரில் சேறு அப்பியிருந்தாலும், பெருமழையிலும் ராடார் தடுமாறும். இருசக்கர வண்டிகளைத் தாமதமாகவும் காணும். ஆகவே முதலில் கண்ணாடியைத் திருத்துங்கள் என்றார். நாங்களும் பலரைப் போல, பாதிக் கண்ணாடியில் எங்கள் காரின் பக்கத்தையே பார்த்து ரசித்துக்கொண்டிருந்தவர்கள். ஜார்ஜ் பிளாட்சர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1995இல் எழுதிய கட்டுரையொன்று இதற்கு எளிய வழி சொல்கிறது. ஓட்டுநர் தலையைச் சன்னலோரம் சாய்த்து, அந்நிலையில் தம் வண்டியின் பக்கம் அரிதாகத் தெரியும் வரை வலக்கண்ணாடியை வெளிநோக்கித் திருப்ப வேண்டும். பிறகு வண்டியின் நடுப்பக்கம் சாய்ந்து இடக்கண்ணாடியையும் அவ்வாறே. நிமிர்ந்து அமர்ந்தால் நம் வண்டி மறைந்துபோகும். பின்வருபவர் உட்கண்ணாடியில் இருந்து நழுவும்போதே பக்கக் கண்ணாடியில் வந்துவிடுவார், அதிலிருந்து நழுவும்போது நேர்க்கண்ணுக்கு. முதல் சில நாள்கள் நம்மை நாமே தொலைத்துவிட்டது போன்ற பதற்றம் இருந்தது. பிறகு பழகிவிட்டது. ஆனாலும் திரும்புமுன் தோளுக்கு மேலாக ஒருமுறை பார்த்துவிடுகிறோம்.

இந்திரவிழாவின் இறுதியில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடித்தன என்பது சிலம்பு. அதைப் பாடம் நடத்தும்போது இப்போதெல்லாம் ஒரு நொடி நின்றுவிடுகிறோம். மாணவர்கள் காரணம் கேட்டதில்லை.

அந்தப் பெரியவரை அதே சாலையில் சில காலைகளில் காண்கிறோம். முழங்கை ஆறிவிட்டது, கேனுக்குப் புது மூடி. முதலில் உட்கண்ணாடியில் அவர் தெரிவார். எங்கள் வண்டி இது என்று கண்டுகொண்டதும் தார்ச்சாலையை விட்டு மண்ணில் இறங்கி, காலை ஊன்றி, நாங்கள் போய் முடியும் வரை நின்றுவிடுகிறார்.