பக்கத்து அறையில் யார்?

உங்களுக்குத் தெரிந்த மனநல மருத்துவர் யாராவது இருக்கிறாரா? போன வருடம் ஒரு மாதம் முழுக்க, பார்த்தவர்களிடமெல்லாம் இதையே கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்கள். ஒருவர் மட்டும், ‘வீட்ல எல்லாம் சௌக்கியம்தானே சார்?’ என்று தோளைத் தொட்டார்.

எனக்கில்லை, அக்கா மகளுக்கு. அவளுக்கும் வைத்தியத்துக்கு இல்லை. எம்.எஸ்ஸி. உளவியல் படிக்கிறாள். மருத்துவமனையில் சில வாரம் ஒருவரின் மேற்பார்வையில் பயிற்சி எடுக்க வேண்டும். ‘இடத்தை நீங்களே பார்த்துக்குங்க’ என்று கல்லூரி கைகழுவிவிட்டது.

‘உங்களுக்குத்தான் ஊரெல்லாம் ஆள் தெரியுமே மாமா!’ என்றாள். அந்த இருபது வருடப் பெருமை மூன்றே நாளில் காற்றுப் போனது. ‘கீழ்ப்பாக்கம்’ என்று சொல்லி ஒருவரையொருவர் கேலி செய்து வளர்ந்தவர்கள் நாம். 1794-ல் தொடங்கிய காப்பகத்தின் வழிவந்த அந்த ஆஸ்பத்திரியில் நம் வீட்டுப் பெண்ணுக்கு இடம் கிடைக்காதா என்று நானே ஏங்குவேன் என யார் கண்டது!

ஓர் இடத்தில் சுலபமாக முடிந்தது. ஐயாயிரம் ரூபாய். வரவே வேண்டாம், சர்டிஃபிகேட் கூரியரில் வரும். ‘அப்புறம் என்ன, வாங்கிட வேண்டியதுதானே’ என்றாள் அக்கா. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பெண் தலையாட்டவில்லை. அவளுடைய சீனியர் ஒருத்தி கதையைச் சொன்னாள். ஓர் ஆலோசனை மையத்தில் சேர்ந்த இரண்டாம் நாளே தனி அறை கொடுத்துவிட்டார்கள். நாற்பது வயது அம்மா ஒருவர் அரை மணி நேரம் பேசிவிட்டு, ‘உங்ககிட்ட சொன்னதே போதும்மா, இனி எனக்கு ஒண்ணும் வேண்டாம்’ என்று எழுந்து போனாராம். அது நிம்மதியா, விடைபெறுதலா? பக்கத்து அறையில் ஓடிப்போய்க் கேட்க ஆள் இல்லை. மேடம் சனிக்கிழமைதான் வருவார்.

‘அந்தம்மா திரும்ப வந்தாங்களா?’ என்றேன்.

‘வரலை மாமா.’

‘போன் பண்ணலையா?’

‘நம்பர் வாங்கி வச்சுக்கணும்னு அவளுக்கு யாரும் சொல்லித் தரலை.’

அக்கா சத்தமில்லாமல் சமையலறைக்குப் போனாள்.

மறுபடி அலைந்தோம். மேற்பார்வை பார்க்கத் தகுதியானவர்களே குறைவு. அவர்கள் வாசலிலோ திருவிழாக் கூட்டம். பயிற்சிப் பிள்ளை எழுதும் ஒவ்வொரு வரியையும் படித்து, ‘இதை ஏன் கேட்கலை?’ என்று திருத்த நேரம் ஏது? இத்தனைக்கும் இது முதல் படிதான். ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்று போர்டு மாட்ட, 1992-ம் வருடச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். அதற்கு எம்.எஸ்ஸி. மட்டும் போதாது. தெரியாமல் ‘டாக்டரம்மா’ என்று அறிமுகப்படுத்தி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கடைசியில் புறநகர் ஆஸ்பத்திரி ஒன்றில் ஓர் அம்மையார் ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை. ‘முதல் பத்து நாள் வாயே திறக்கக் கூடாது. எனக்குப் பின்னால நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கணும். முடியுமா?’ தூக்கத்திலும் பேசுகிற பெண் இவள்! முடியும் என்றாள்.

காலை ஆறு மணி ரயிலில் போய் இரவு எட்டுக்குத் திரும்பினாள். முதல் நாளே ஆவலோடு கேட்டேன், ‘இன்னிக்கு யாரும்மா வந்தாங்க, என்ன சொன்னாங்க?’

‘அதெல்லாம் உங்ககிட்ட சொல்லக் கூடாது மாமா. தோசை இருக்கா?’