கண்டிச் சுண்ணாம்பு

கலகாவுக்கு அருகே, என் பெரியம்மாவின் மகள் வாழும் வீடு மண்ணால் ஆனது. லயத்தில் பிறந்து வளர்ந்த அவருக்குச் சொந்தமென்று வாய்த்த முதல் வீடும் அதுவே. நாற்பது ஆண்டுகள் நின்ற அதன் சுவர்களுக்கு, கட்டாரில் வேலைசெய்யும் மகன் அனுப்பிய பணத்தில், சீமெந்துச் சாந்து பூசி எமல்ஷன் தீந்தையும் அடித்தார்கள். இரண்டு மழைக்காலங்கள் கழிந்தன. தீந்தை கொப்புளித்து உரிந்தது. சாந்து பாளம் பாளமாக விழுந்தபோது மண்ணும் உடன்வந்தது. "லயத்துச் சுவருகூட இப்புடி உரியலையே தம்பி" என்றார் அக்கா. லயத்துக்கு அடித்தது சுண்ணாம்பு அல்லவா!

மண் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயில் கண்டதும் வெளியே விடும். கண்டியைத் தென்மேற்குப் பருவமழையும் வடகீழ்ப் பருவமழையும் மாறிமாறி நனைக்கின்றன; நிலத்திலிருந்தும் ஈரம் ஏறுகிறது. சீமெந்தும் எமல்ஷனும் அதற்கு வழிவிடாமல் அடைத்துக்கொள்ள, உள்ளே தங்கிய ஈரம் மண்ணை இளக்கிவிடுகிறது. சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் நிறைந்தது. காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று மீண்டும் கல்லாக இறுகினாலும் ஈரத்தை மறிப்பதில்லை.

திகன, மாத்தளைப் பகுதிகளின் சுண்ணக்கல் தொலமைற்று வகையைச் சேர்ந்தது, மகனீசியம் கலந்தது. ஆனந்த குமாரசுவாமியைச் சிவநடனத்தை விளக்கியவராகவே நாம் அறிவோம். அவரோ முதலில் புவிச்சரிதவியலாளர். இலங்கையின் பளிங்குருச் சுண்ணக்கற்களைப் பற்றி 1902 இல் ஆய்வுக் கட்டுரை எழுதியவர். கண்டி இராச்சியத்தின் கைவினைகளைப் பற்றிய அவருடைய பெருநூல் 1908 இல் வெளிவந்தது. கல்லில் தொடங்கிக் கலைக்குச் சென்ற மனிதர்!

மகனீசியம் கலந்த சுண்ணாம்புக்குப் பொறுமை வேண்டும். கல்சியப் பகுதி விரைவில் நீறிவிடும். மகனீசியப் பகுதி மெல்லத்தான் நீறும். அவசரப்பட்டுப் பூசினால் எஞ்சிய துணுக்குகள் சுவரில் இருந்தபடியே நீறிப் பருத்துத் தெறிக்கும். ஆகவே வாரக்கணக்கில், மேலே தண்ணீர் நிற்கும்படி ஊறவிட வேண்டும். தண்ணீருக்குள்தான் கற்சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இடவேண்டும். மாறாகச் சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துச் சீறும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

ஊறியதைக் கரைத்து, பழைய வேட்டித் துணியில் வடித்து, பால் பதத்துக்கு நீர்க்கச் செய்யவேண்டும். ஒரு பிடி உப்பும், வெண்மை எடுப்பாகத் தெரியச் சிறிது நீலமும் சேர்ப்பதுண்டு. ஒட்டட்டும் என்று சிலர் பசையை அள்ளிக் கொட்டுகிறார்கள். துளைகள் அடைபட்ட பின்னர் எமல்ஷனுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

பூசுவதற்கு முன் தூசியைத் தட்டிச் சுவரை நனைக்க வேண்டும். காய்ந்த சுவர் பூச்சின் நீரை உடனே குடித்துவிடும். பூச்சு இறுகாமல் கையில் மாவாக ஒட்டும். முதற் பூச்சு கண்ணுக்கே தெரியாது. தண்ணீரைப் பூசினோமோ என்று ஐயம் வரும். காயக் காயத்தான் வெண்மை எழும். அதற்குள் பொறுமையிழந்து கரைசலைத் தடிப்பாக்குவோரின் சுவரில் வெடிப்புகள்தாம் மிஞ்சும். மெல்லிதாக, நாளுக்கு ஒன்றாக, நான்கு பூச்சாவது வேண்டும். உச்சி வெயிலும் மழையும் ஆகா.

இந்தப் பக்குவம் அக்காவுக்குத் தெரியாததன்று. தீபாவளிக்கு முன் தென்னை மட்டையின் நுனியை நைத்துத் தூரிகையாக்கி, தோட்டத்துக்கு உரிமையான சுவர்களுக்கு ஆண்டுதோறும் வெள்ளையடித்த கைகள் அவருடையவை. ஆனாலும் சொந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு என்றதும் அவர் முகம் சுருங்கியது. "திரும்பவும் லயம் மாதிரி இருக்குமே தம்பி."

மஞ்சள் காவி மண்ணைக் குழைத்துச் சேர்த்தால் இளமஞ்சள் நிறம் வரும் என்றேன். சிறிது யோசித்துச் சம்மதித்தார். சீமெந்தை முற்றாக உரித்து, குழிகளை வைக்கோல் கலந்த மண்ணால் அடைக்கவேண்டும். அது காயவும் நாளாகும். மாசி வெயிலில் பூசுவதானால் மார்கழியிலேயே சுண்ணாம்பை ஊறப்போட்டுவிட வேண்டும். பீப்பாய் வாங்கியாயிற்று.